மாற்றியமைத்த பழைய சிட்டி விடெக்: அப்படியே விற்பதா, கழற்றி விற்பதா?

மாற்றியமைத்த பழைய காரை விற்க நினைப்பவர் முதலில் செய்யும் வேலை பில்களைக் கூட்டுவது. அலாய் வீலுக்கு இவ்வளவு, காயிலோவருக்கு (காரைத் தாழ்த்த உதவும் ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) இவ்வளவு, பெயின்டுக்கு இவ்வளவு, மெக்கானிக் கூலி இவ்வளவு. கூட்டித் தொகை வந்ததும், அதில் பாதியாவது திரும்பக் கிடைக்காதா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். வாங்க வருபவருக்கு அந்த மொத்தத் தொகையில் எந்த அக்கறையும் இல்லை. சேசிஸ் துருப்பிடிக்காமல் இருக்கிறதா, ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) உயிரோடு இருக்கிறதா, கழற்றி எடுத்த ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்பவைதான் அவருடைய கேள்விகள். விலை அங்கேதான் முடிவாகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஹோண்டா சிட்டி இந்தியாவுக்கு வந்தது 1998இல். 2000இல் அதற்கு 1.5 லிட்டர் விடெக் இன்ஜின் (வேகம் கூடும்போது வால்வு திறக்கும் அளவை மாற்றும் ஹோண்டா இன்ஜின்) கிடைத்தது. 106 குதிரைத்திறன், ஏறத்தாழ ஒரு டன் எடை. இன்று சாதாரணமாகத் தெரியும் எண்கள்; அன்று நடுத்தரக் குடும்பத்துக் கார் ஒன்றில் அப்படியொரு வேகம் கிடைத்தது அதிசயம். 2003இல் அடுத்த தலைமுறை சிட்டியை 77 குதிரைத்திறன் கொண்ட சிக்கன இன்ஜினோடு இறக்கி, ஆர்வலர்களின் வயிற்றெரிச்சலை ஹோண்டா கொட்டிக்கொண்டது. பழைய விடெக்குக்கு இன்றும் ஆள் தேடி வருவதற்கு அந்த ஏமாற்றமும் ஒரு காரணம்.

நம் கார் 2002 மாடல், கோயம்புத்தூர் பதிவு, இரண்டாவது ஓனர். அதில் நடந்த வேலைகள் எல்லாரும் செய்பவைதான்: ஸ்டீல் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பு), ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (தடை குறைந்த சைலன்சர்), திறந்த ஏர் ஃபில்டர், காயிலோவர், 15 அங்குல ஜப்பானிய அலாய் வீல், முன்னால் இரண்டு பக்கெட் சீட் (உடலை இறுகப் பிடிக்கும் பந்தய இருக்கை), சிறிய ஸ்டீயரிங், ஒரிஜினல் வெள்ளி நிறத்தின் மேல் அடர்நீலப் பெயின்ட். எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். கை வைக்காமல் நன்றாகப் பராமரித்த அதே ஆண்டுக் கார் இரண்டு லட்சத்துக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இந்தத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை. உங்கள் ஊரில், உங்கள் காருக்கு எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதுவேதான்.

உரிமையாளருக்கு முன்னால் இருப்பவை: இருக்கிறபடியே விற்பது, மாற்றங்களைக் கழற்றி, காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, காரையும் பாகங்களையும் தனித்தனியே விற்பது, டீலரிடம் தள்ளிவிடுவது, மொத்தமாகப் பிரித்துவிடுவது, விற்காமலே வைத்துக்கொள்வது. உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான். மற்றவற்றைச் சுருக்கமாகவே பார்க்கலாம்.

இருக்கிறபடியே விற்றால்

இதில் உழைப்பு குறைவு. நான்கு நல்ல படங்கள், ஒரு விளம்பரம், வேலை முடிந்தது. ஆனால் காரில் செய்த ஒவ்வொரு மாற்றமும் வாங்குபவர் வரிசையிலிருந்து சிலரை வெளியே அனுப்பிவிடுகிறது. காயிலோவர் போட்டுத் தாழ்த்திய காரை வீட்டில் பெரியவர்கள் இருப்பவர் வாங்க மாட்டார். பக்கெட் சீட் தொப்பை விழுந்தவருக்கு ஆகாது. எக்ஸாஸ்ட் சத்தம் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரருக்கு ஆகாது. நீலம் பிடிக்காதவருக்கு நீலம் ஆகாது. கடைசியில் எஞ்சுபவர் இருபத்தைந்து வயது இளைஞர். ஆசை நிறைய இருக்கும், கையில் பணம் இருக்காது, இருபது ஆண்டு கடந்த காருக்கு வங்கிக் கடனும் கிடைக்காது. அவர் ஓட்டிப் பார்ப்பார், படம் எடுத்துக்கொள்வார், அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போய்விடுவார்.

வேகமும் இந்தக் காரில் பெரிய வாதமாக நிற்காது. டர்போ இல்லாத இன்ஜினில் ஹெடரும் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் சேர்ந்து தருவது விரல்விட்டு எண்ணும் அளவு குதிரைத்திறன்தான். சத்தம் மட்டும்தான் தாராளமாகக் கூடுகிறது. விவரம் தெரிந்தவர் இதை அறிவார். அதனால் 'செம பவர்' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் அவர் அழைக்கவே மாட்டார்.

அப்படி விவரம் தெரிந்த ஒருவர் வரும்போது என்ன செய்கிறார் என்று கவனித்தால் விலையின் இரகசியம் புரியும். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுவார். பானெட்டைத் திறந்ததும் பளபளக்கும் ஹெடரைத் தாண்டிப் போய், ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கத்தில் வெளிறிய பசை படிந்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். விடெக் சொலினாய்டின் கேஸ்கெட் ஓரத்தில் ஆயில் கசிந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். அடுத்தது சஸ்பென்ஷனின் மேல்முனை உடற்கூட்டோடு சேரும் இடம். விறைப்பான காயிலோவரோடு நம் ஊர்ச் சாலைகளில் பல ஆண்டு ஓடிய கார் என்றால், அங்கே விரிசலோ புதிய வெல்டிங்கோ இருக்கக்கூடும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை வீல் ஆர்ச்சின் ஓரமாக மெதுவாக நகர்த்துவார். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடத்தில் புட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது என்று பொருள். கையை உள்ளே விட்டு, அகலமான டயருக்காக ஃபெண்டரின் விளிம்பை மடித்திருக்கிறார்களா என்று பார்ப்பார். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்பார். 'மாற்றியாகிவிட்டது' என்ற பதில் அவருக்குப் போதாது, எத்தனையாவது கிலோமீட்டரில் என்று வேண்டும். ஓட்டும்போது விடெக் இயங்கிக் கேம் மாறும் வேகத்தில் இன்ஜின் தயங்குகிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். இறங்கியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி: 'ஸ்டாக் பாகங்கள், அதாவது கழற்றிய ஒரிஜினல் பாகங்கள், எல்லாம் இருக்கின்றனவா?'

இருக்கின்றன என்று சொல்லி ஒரு பெட்டியைத் திறந்து காட்ட முடிந்தால் பேச்சு தொடரும். இல்லையென்றால் அவர் மனத்தில் ஒரு தொகை கழிக்கப்பட்டுவிட்டது. நம் காரை இருக்கிறபடியே விற்றால், பொருத்தமான ஆள் அமைந்து பொறுமையும் இருந்தால் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேலே போகலாம். அவசரம் என்றால் ஒன்றேமுக்கால் லட்சத்துக்குக் கீழேயே முடியும். அதாவது, மூன்று லட்சம் செலவழித்த கார், ஒன்றுமே செய்யாத காரைவிடக் குறைவாகப் போகலாம். இதில் அநியாயம் எதுவும் இல்லை. வாங்குபவர் உங்கள் ரசனைக்கு விலை கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்ல.

கழற்றி விற்றால்

இந்த வழியில் கணக்கு பாகம் பாகமாகப் போகிறது, ஏனென்றால் எல்லாப் பாகங்களும் ஒரே மாதிரி விலை இழப்பதில்லை.

விலை அதிகம் நிற்பது வீல்களுக்குத்தான். சிட்டியின் சக்கரத்தில் நான்கு போல்ட்டுகள், அவை அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். மாருதி ஸ்விஃப்ட்டுக்கும் ஹூண்டாய் ஐ20க்கும் இதே அளவுதான். ஹோண்டாவின் நடுத்துளை 56.1 மில்லிமீட்டர், சுசுகியுடையது 54.1. ஆகவே ஹோண்டாவுக்கு வாங்கிய வீல், இடைவெளியை நிரப்பும் ஒரு வளையத்தோடு ஸ்விஃப்ட்டில் சரியாக உட்காரும். ஸ்விஃப்ட்டின் துளைக்கு அளவெடுத்த வீல் சிட்டியில் உட்காராது. இதன் விளைவு என்னவென்றால், உங்கள் வீலுக்கு வாடிக்கையாளர்கள் சிட்டி வைத்திருக்கும் சிலர் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் ஸ்விஃப்ட் வைத்திருக்கும் அத்தனை பேரும்தான். எங்காய், ரேஸ் போன்ற அசல் ஜப்பானிய வீல் என்றால் விலை நிற்கும். அதே வடிவத்தில் வந்த நகல் என்றால், எத்தனை அழகாக இருந்தாலும், வாங்குபவர் பின்பக்கத்து வார்ப்பு எழுத்துகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

சீட்டுகளும் பரவாயில்லை, எந்தக் காரிலும் பொருந்தும். அடியில் இருக்கும் பிராக்கெட் மட்டும்தான் மாறும். காயிலோவருக்கு அதே மாடல் காரோ அதே அடித்தளமோ வேண்டும் என்பதால் வாங்குபவர் வட்டம் சிறியது. ஆயில் கசியாமல், மறுசீரமைக்க உதிரிகள் கிடைக்கும் பிராண்டாக இருந்தால் பாதி விலை கேட்கலாம். ஹெடரும் எக்ஸாஸ்டும் அந்த ஒரு காருக்கென்றே வளைத்தவை. கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. பெயின்டையும் கூலியையும் யாராலும் கழற்ற முடியாது.

கணக்கைப் பார்ப்போம். மூன்று லட்சத்தில் வீல் 70,000, காயிலோவர் 80,000, சீட்டுகள் 40,000, ஹெடரும் எக்ஸாஸ்டும் 45,000, ஃபில்டரும் ஸ்டீயரிங்கும் 15,000, பெயின்ட் 35,000, கூலி 15,000 என்று போயிருந்தால், திரும்ப வருவது ஏறத்தாழ இப்படி இருக்கும்: வீல் 45,000, காயிலோவர் 35,000, சீட்டுகள் 22,000, ஹெடரும் எக்ஸாஸ்டும் 12,000, மற்றவை 6,000. மொத்தம் 1,20,000. இதிலிருந்து காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவைக் கழிக்க வேண்டும். புதிய ஷாக் அப்சார்பர் தேவைப்படும், ஏனென்றால் பல ஆண்டுகளாகப் பரணில் கிடந்த ஒரிஜினல் ஷாக் பெரும்பாலும் உயிர்விட்டிருக்கும். ரப்பர் புஷ்கள், கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 35,000 என்றால் கையில் நிற்பது 85,000. கார் முழு இரண்டு லட்சத்துக்குப் போகாது, பெயின்ட் மாறியிருக்கிறது. 1,80,000 என்று வைத்தால் மொத்தம் 2,65,000. இருக்கிறபடியே விற்றதோடு ஒப்பிட்டால் அரை லட்சத்திலிருந்து ஒரு லட்சம்வரை கூடுதல்.

அந்தக் கூடுதல் தொகைக்கு விலையாக நீங்கள் கொடுப்பது சில வார இறுதிகள், சில கூரியர் பார்சல்கள், 'கடைசி விலை எவ்வளவு' என்று நள்ளிரவில் வரும் செய்திகள். நேரத்துக்கு மதிப்பு அதிகம் உள்ளவர் இதைச் சகித்துக்கொள்ள மாட்டார். அது நியாயமும்கூட.

ஒரிஜினல் பாகங்கள் கைவசம் இல்லாதவர் நிலைமை வேறு. சென்னையில் இருப்பவர் புதுப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை நடந்தால் பழைய ஏர் ஃபில்டர் பெட்டியும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கிடைத்துவிடலாம். சீட்டுகளும் உள் அலங்காரப் பிளாஸ்டிக்குகளும் காரின் நிறத்திலேயே கிடைப்பது அதிர்ஷ்டம். இவற்றைத் தேடி வாங்கும் செலவு மேலே சொன்ன 85,000த்தில் பாதியைத் தின்றுவிட்டால், கழற்றுவதில் பயன் இல்லை. அப்போது ஓர் இடைவழி இருக்கிறது. வீலையும் சீட்டையும் மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விடுங்கள். காசு நிற்கும் பாகங்கள் உங்களிடம் வந்துவிடும், காரும் பாதி சாதுவாகத் தெரியும்.

ஸ்பிரிங்கை வெட்டியிருந்தாலோ, ஃபெண்டரை மடித்திருந்தாலோ, வயரிங்கை அறுத்து ஆம்பிளிஃபயருக்கு இணைப்புக் கொடுத்திருந்தாலோ அவற்றைத் திருப்புவது கடினம். இவற்றை மறைக்க முயல வேண்டாம். காந்தம் வைத்திருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்; கண்டுபிடித்த பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார்.

ஒரிஜினல் பாகமே பொக்கிஷமாக இருக்கும் கார்கள்

சிட்டிக்குச் சொன்ன கணக்கை எல்லாக் காருக்கும் பொருத்த முடியாது. ஸ்கோடாவின் முதல் தலைமுறை ஆக்டேவியா ஆர்.எஸ். 2000களின் நடுவில் இங்கே விற்றது. 1.8 லிட்டர் டர்போ, சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். டர்போ காரில் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியாமலே நடக்கிறது. ஈ.சி.யூ.வில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளை மாற்றினாலே சக்தி கணிசமாக உயரும், மீண்டும் பழைய மென்பொருளை ஏற்றினால் தடயம் இருக்காது. எனவே கழற்றுவது இங்கே சுலபம். ஆனால் வாங்குபவரின் சந்தேகமும் அதே காரணத்தால் அதிகம். கிளட்சும் டர்போவும் எத்தனை ஆண்டு கூடுதல் அழுத்தத்தில் ஓடின என்பதை பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்ல முடியாது. மென்பொருளை மாற்றவே இல்லை என்று சாதிப்பதைவிட, யார் ஏற்றியது, எப்போது, பழைய கோப்பு இதோ என்று எழுதிக் கொடுப்பது அதிக விலை தரும் என்பது என் கருத்து.

அந்தப் பெயருக்கு இப்போது இன்னொரு மதிப்பும் சேர்ந்திருக்கிறது. 2017இல் 230 குதிரைத்திறன் ஆர்.எஸ். இந்தியாவுக்கு வந்தபோது ஒதுக்கப்பட்டவை 500 கார்கள். 2020இல் வந்த 245 குதிரைத்திறன் காருக்கு 200. 2025இல் முழுமையாக இறக்குமதியான ஆர்.எஸ். 100 மட்டுமே, விலை ஏறக்குறைய ஐம்பது லட்சம். ஒவ்வொரு முறை எண்ணிக்கை குறையும்போதும், இந்த வரிசையைத் தொடங்கி வைத்த பழைய காரைத் தேடுபவர் சேகரிப்பாளராக மாறுகிறார். அவருக்கு வேண்டியது ஒரிஜினல் சீட், ஒரிஜினல் வீல், ஒரிஜினல் பேட்ஜ். ஆர்.எஸ். சீட்டுகளைக் கழற்றித் தனியாக விற்றவர், காரின் விலையில் பெரும்பகுதியை விற்றுவிட்டார். சச்சின் டெண்டுல்கர் பெயரில் 500 மட்டும் வந்த ஃபியட் பாலியோ எஸ்10 காருக்கும் இதே கதைதான். அதன் அடையாளச் சின்னங்களைச் சுரண்டிவிட்டு வேறு பெயின்ட் அடித்தவரை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இந்த ரசனையையே பின்பற்றுகிறது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அசல் வடிவத்தில் பெரிய மாற்றமின்றி இருக்கும் வாகனத்துக்குத்தான் அந்தத் தனிப் பதிவு. 2002 சிட்டி அந்த வரிசைக்கு வர 2052 ஆகும். அதுவரை யார் காத்திருப்பார் என்பது வேறு விஷயம்.

இன்ஜினையே மாற்றியிருந்தால்

பழைய சிட்டியில் ஹோண்டாவின் பி16 இன்ஜினை இறக்கும் ஆசை பலருக்கு உண்டு. 1989இலேயே 1.6 லிட்டரில், டர்போ இல்லாமல், 160 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அது. ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் விற்பனை என்று வரும்போது இதுதான் மிகச் சிக்கலான நிலை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இன்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தாத கார், பெயர் மாற்றத்திலும் புதுப்பித்தலிலும் நின்றுவிடும். விபத்து நேர்ந்தால், இழப்பீட்டை மறுக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அது நல்ல காரணமாகிவிடும்.

இங்கே எனக்குத் தெரிந்த நேர்மையான வழிகள் இரண்டு. ஒரிஜினல் இன்ஜின் பத்திரமாக இருந்தால் அதைத் திரும்ப ஏற்றி, பி16ஐத் தனியாக விற்பது. இல்லையென்றால் சாலைக் காராக விற்காமல், பந்தயத் தடத்துக்கான காராக விற்பது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரில் காரி ஸ்பீட்வேயிலும் ஓட்டுபவர்கள் இருக்கும் மாநிலம் இது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், தடத்தில் இறக்கி ஓட்டுபவருக்கு ஆர்.சி. பொருட்டல்ல, ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் உட்புற இரும்புக் கூண்டு) ஏற்கெனவே இருந்தால் அவருக்கு அது செலவு மிச்சம். மாற்றத்துக்கு உண்மையிலேயே விலை கொடுப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பேரம் பேசுவதிலும் வல்லவர்.

டீலர், பிரித்தெடுத்தல், வைத்திருத்தல்

டீலரிடம் கொடுப்பது வேகமான வழி. ஆனால் அவருடைய பட்டியலில் 'பழைய சிட்டி, 2002' என்ற ஒரு வரிதான் உண்டு. அந்த வரியில் காயிலோவருக்குக் கட்டம் இல்லை. மாற்றங்களைக் கண்டால் அவர் விலையைக் குறைக்கவே செய்வார், ஏனென்றால் அவரும் அதை மறுபடி ஸ்டாக் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மேலும் அவர் தன் லாபத்தின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியவர், இரு தனிநபர்களுக்கு இடையிலான விற்பனையில் அது கிடையாது. அந்த வித்தியாசமும் உங்கள் விலையிலிருந்துதான் போகும். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், வீலையும் சீட்டையும் கழற்றிக்கொண்ட பிறகே காரை அவரிடம் காட்டுங்கள்.

மொத்தமாகப் பிரிப்பது, உடற்கூடு துருப்பிடித்தோ விபத்தில் கோணியோ போன காருக்கு மட்டும்தான் பொருந்தும். சில கார்களுக்கு இதில் எதிர்பாராத காசு உண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லேன்சர், மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஐகான், ஃபியஸ்டா 1.6 எஸ் போன்றவற்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நல்ல கியர்பாக்ஸுக்கும் ஹெட்லைட்டுக்கும் அலைகிறார்கள். ஆனால் ஆர்.சி.யை ரத்துசெய்யாமல் காரைப் பிரித்து விற்பது ஆபத்து. உங்கள் சேசிஸ் எண் வேறொரு காரில் உயிர்த்தெழலாம். பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து அடுத்த புதிய சொந்தக் காருக்குச் சாலை வரியில் 25 சதவீதம்வரை சலுகை தர மத்திய விதி இடமளிக்கிறது. புதிய கார் வாங்கும் எண்ணம் இருப்பவர் அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

விற்காமல் வைத்திருப்பதை முதலீடு என்று யாரும் சொல்லக் கேட்டால் நம்பாதீர்கள். மூடிய கொட்டகையில் வைத்தாலும் ரப்பர் காய்கிறது, பிரேக் பிடித்துக்கொள்கிறது, டயர் கெட்டியாகிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை நினைத்து 2002இல் யாரும் எரிபொருள் குழாய் செய்யவில்லை. ஓட்டுவதில் மகிழ்ச்சி இருந்தால் வைத்திருங்கள். விலை ஏறும் என்று வைத்திருக்க வேண்டாம்.

காகிதங்களின் விலை

மேலே போட்ட எல்லாக் கணக்கும் ஆர்.சி. செல்லுபடியாக இருந்தால்தான். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காரின் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025இல் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அது 10,000 ஆக்கப்பட்டது. இதோடு பசுமை வரியும் எஃப்.சி. (வாகனத் தகுதி) சோதனையும் உண்டு. ஆய்வாளர் முன்னால் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்டும் கறுப்பு ஃபிலிமும் ஆர்.சி.யில் இல்லாத அடர்நீலமும் நிற்க வேண்டும். ஆகவே புதுப்பித்தல் நெருங்குகிறது என்றால், எப்படியும் ஒருமுறை ஸ்டாக் நிலைக்குப் போயாக வேண்டும். அந்த வேலையை முடித்து, புதுப்பித்து, அதன்பின் விற்பதே நல்ல வரிசை. இன்னும் நான்கு ஆண்டு ஆயுள் உள்ள ஆர்.சி., எந்த அலாய் வீலையும்விட அதிகமாக விலையை உயர்த்தும். நிறத்தை ஆர்.சி.யில் பதிவு செய்துவிட்டால் நீலமும் பிரச்சினையில்லை.

காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதியிருக்கும் மதிப்பைக் காட்டி விலை கேட்பதும் வீண். ஐந்து ஆண்டு கடந்த காருக்கு அந்தத் தொகை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. சந்தை அதைப் பார்த்து நடப்பதில்லை. நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காரோடு போகாது, உங்களோடு வரும். விற்கும்போது அதற்கான கடிதத்தை வாங்க மறக்காதீர்கள்.

வெளிமாநிலத்து ஆள் நல்ல விலை சொன்னாலும் யோசியுங்கள். அவர் என்.ஓ.சி. (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கி, அங்கே மறுபடி வரி கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தெரிந்துகொண்டதும் பேரம் மறுபடி தொடங்கும். தலைநகர் டெல்லிப் பகுதி இன்னும் மோசம். 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்கள் மீது பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்த பிறகு, அங்கே இந்த வயதுக் காரை விற்பதை மறந்துவிடலாம்.

நம் நீலச் சிட்டியை நான் விற்பதாக இருந்தால், பெட்டியில் ஒரிஜினல் பாகங்கள் இருக்கும்பட்சத்தில், கழற்றித்தான் விற்பேன். முதலில் வீலுக்கும் சீட்டுக்கும் விளம்பரம். அவை போனபின் காருக்கு விளம்பரம், கீழே ஒரே ஒரு வரி: 'காயிலோவரும் ஹெடரும் வேண்டுமென்றால் தனி விலைக்குக் கிடைக்கும்.' காருக்கு வரும் ஆர்வலர் பல நேரம் அவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார், அப்போது கூரியர் செலவும் மிச்சம். ஒரிஜினல் இன்ஜின் கைவசம் இல்லாத, இன்ஜின் மாற்றிய கார் (தடத்துக்காக மட்டும்), தடத்துக்கென்றே கட்டிய கார், பெயர்பெற்ற ஒருவர் ஆதாரங்களோடு கட்டிய கார் ஆகியவற்றை மட்டும் இருக்கிறபடியே விற்க முயல்வேன், அதுவும் அவசரம் இல்லாதபோது.

பணம் கைக்கு வந்தபின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு பொறுப்பு முடிந்தது என்று நினைப்பவர் பலர். 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டு வழக்கில் அவரே உரிமையாளர். வேகத்துக்காக மாற்றியமைத்த காரை வாங்குபவர் அதை மெதுவாக ஓட்டப்போவதில்லை. ஆகவே பேசும்போதே வாங்குபவர் தரும் பணத்தில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அரசின் பரிவாகன் தளத்தில் புதிய பெயர் தெரிந்த அன்று அதைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். மறுப்பவருக்கு விற்க வேண்டாம்.